மருந்துக்கும் விதைக்கும் மட்டும் பூட்டு: மலை விவசாயிகள் தளத்தில் அனுமதி வரிசையைச் சரிசெய்த குறிப்பு

கோத்தகிரி, கட்டபெட்டு, அரவேனு, கொடநாடு பக்கத்துச் சிறு விவசாயிகளுக்காகத் தொடங்கிய கலந்துரையாடல் தளம் இது. தேயிலை, உருளை, கேரட், பூண்டு போடுகிறவர்கள் எழுதுகிறார்கள். புதியவர் எழுதும் பதிவை யார் பார்த்து விடுவது, யாரை எப்போது மேல்நிலைக்கு உயர்த்துவது என்ற இரண்டையும் இரண்டு முறை மாற்றியமைத்த பிறகுதான் இப்போதைய ஏற்பாடு நிற்கிறது. பகலில் வரும் பதிவு அரை மணிக்குள் வெளியே போகிறது. எழுத்தில் வந்த தப்பான மருந்து அளவு ஏதும் பார்வைக்கு வராமல் வெளியாகவில்லை. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக, தவறிய இடங்களையும் சேர்த்து வரிசையாக எழுதி வைக்கிறோம்.

மென்பொருள் டிஸ்கோர்ஸ். இலவசம், மூலநிரல் திறந்தது. 2 ஜிபி நினைவகமுள்ள சிறிய வாடகைச் சர்வர் ஒன்றில் டாக்கர் (மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாக ஓட்டும் கருவி) வழியாக நிறுவினோம். மாதம் ஆயிரம் ரூபாய் சுற்றில் ஆகிறது, தளப்பெயருக்கு வருடச் சந்தா தனி. 1 ஜிபியிலும் ஓடும். அதற்கு 2 ஜிபி ஸ்வாப் (நினைவகம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) வேண்டும், ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் நெடுநேரம் காத்திருக்கவும் வேண்டும். மாதம் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க இந்த வேதனை தேவையில்லை. மின்னஞ்சல் அனுப்ப 587 போர்ட்டைப் பயன்படுத்துங்கள். 25-ஐப் பல சர்வர் நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன.

உள்நுழைவில் ஒரு வார்த்தை. விவசாயிகளில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரி இருப்பதே தெரியாது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவருக்குக் கூகுள் கணக்கு பெரும்பாலும் இருக்கும். கூகுள் வழி உள்நுழைவை இயக்கியதும் கடவுச்சொல் தொல்லை அத்தோடு தீர்ந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

முதல் ஏற்பாடு: எல்லாவற்றுக்கும் பூட்டு

கணக்குத் தொடங்க அட்மின் ஒப்புதல் வேண்டும் என்று வைத்தோம். அதோடு 'அப்ரூவ் போஸ்ட் கவுன்ட்' என்ற அமைப்பில் 3 போட்டோம். இயல்பாக அது 0. எண் எதுவோ, புதியவரின் அத்தனை முதல் பதிவுகள் பார்வைக்குப் பிறகே வெளியாகும். இந்தக் கட்டுப்பாடு தொடக்க இரண்டு உறுப்பினர் நிலைகளில் (0, 1; நிலைக் கணக்கு கீழே வரும்) இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அது கார்போக உருளைக்கு மூட்டம் கட்டி நின்ற நேரம். பின் கருகல் நோய்க்கு அந்த ஈரமும் குளிரும் போதும். இன்று இலை ஓரத்தில் தண்ணீர் ஊறினதுபோல் தெரியும் புள்ளி, மூன்று நான்கு நாளில் பாத்தியையே கருக்கிவிடும். இலையைப் படம் எடுத்துச் சாயங்காலம் போட்ட கேள்வி, மறுநாள் மதியம் வரை வரிசையில் கிடந்தது. வரிசையில் பதிவு தேங்கினால் அட்மினுக்கு நினைவூட்டல் வரும், ஆனால் இயல்பாக 24 மணி நேரம் கழித்துத்தான் வரும். நிர்வாகப் பக்கத்தில் 'நோட்டிஃபை அபௌட் க்யூட் போஸ்ட்ஸ் ஆஃப்டர்' என்று தேடினால் அந்த அமைப்பு கிடைக்கும். அதை 2 ஆக்கினோம். இரண்டு பேர் ஒரே பதிவில் கை வைக்காமல் இருக்க, பதிவைத் தன் பெயரில் எடுத்துக்கொள்ளும் 'கிளெய்ம்' வசதியையும் இயக்கினோம்.

அப்படியும் வரிசை குறையவில்லை. ஆள் வரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பதிவு இவ்வளவு தேங்கக் கூடாது. மூன்று என்பது அதிகம் என்று நினைத்து ஒன்றாக்கினோம். அப்போதும் குறையவில்லை. அதைவிடப் பெரிய குழப்பம், முதல் பதிவு போட்டவர்களில் சிலரால் அதன்பிறகு எழுதவே முடியவில்லை.

காரணம் வரிசையிலேயே ஒவ்வொரு பதிவின் கீழும் எழுதியிருந்தது. 'அனுமதி', 'நிராகரி' பொத்தான்களை மட்டும் பார்த்துப் பழகியதால் கண்ணில் படவில்லை. புதியவர் முதல் பதிவை 3 விநாடிக்கும் குறைவாகத் தட்டச்சு செய்திருந்தால் டிஸ்கோர்ஸ் அவரை இயந்திரம் என்று சந்தேகிக்கிறது. பதிவை நிறுத்தி வைப்பதோடு கணக்கையும் ஊமையாக்கிவிடுகிறது. எண்ணெய் விளம்பரம், கடன் விளம்பரம் ஒட்டிப் போகும் போலிக் கணக்குகளைப் பிடிக்க அது நல்ல பொறிதான். நம் ஊரில் நடப்பது வேறு. தோட்டத்தில் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் கேள்வியை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொண்டு, கடைவீதிக்கு வந்ததும் அதை அப்படியே ஒட்டுவார்கள். ஒட்டுவதற்கு ஒரு விநாடி போதும். மென்பொருளுக்கு அவரும் போலியும் ஒன்று.

மாற்ற வேண்டிய அமைப்புகள் இரண்டு. 'மின் ஃபர்ஸ்ட் போஸ்ட் டைப்பிங் டைம்' என்பதில் 3000 இருக்கும், அது மில்லி விநாடிக் கணக்கு. அதை 0 ஆக்குங்கள். 'ஆட்டோ சைலன்ஸ் ஃபாஸ்ட் டைப்பர்ஸ்' என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஊமையானவர்கள் தாமாக விடுபட மாட்டார்கள். நிர்வாகப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியலில் 'சைலன்ஸ்டு' என்று வடிகட்டி, ஒவ்வொருவராகத் திறந்து விடுவிக்க வேண்டும். அதோடு அவர்களுக்கு ஒரு வரி மன்னிப்பும் அனுப்புங்கள். எழுத வந்த முதல் நாளே வாய் கட்டப்பட்டவர், காரணம் சொல்லாவிட்டால் திரும்பி வரமாட்டார்.

இதே அலசலில் அகப்பட்ட இன்னொன்று படம். புதியவர் ஒரு பதிவில் ஒரு படம்தான் போடலாம் என்பது இயல்பு அமைப்பு. இலையின் மேற்பக்கம் மட்டும் பார்த்துக் கருகலா வேறு புள்ளியா என்று சொல்ல முடியாது. அடிப்பக்கத்து வெள்ளைப் பூசணமும், தண்டும், முழுச் செடியும் வேண்டும். 4 ஆக்கினோம்.

இரண்டாம் ஏற்பாடு: எல்லாம் திறப்பு

வரிசையே வேண்டாம் என்று எதிர்ப்பக்கம் சாய்ந்தோம். அப்ரூவ் போஸ்ட் கவுன்ட் 0. கணக்குத் தொடங்கவும் ஒப்புதல் வேண்டாம். பேச்சு சூடு பிடித்தது. அதோடு இரண்டு பதிவுகள் வந்தன. இந்த ஏற்பாட்டைக் கலைக்க அவை போதும்.

முதலாவது பதிவு: "மாங்கோசெப் 20 கிராம் போட்டு அடிச்சேன், கருகல் நின்னுடுச்சு." எழுதினவர் பொய் சொல்லவில்லை. அவருடையது 10 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 2 கிராம் என்ற பரிந்துரைப்படி அவர் போட்டது மிகச் சரி. டேங்க் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார். கீழே வந்த கேள்விகளைப் பார்த்தால், ஒருவர் அதை லிட்டருக்கு 20 என்று எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தன் 16 லிட்டர் டேங்குக்கும் 20 கிராமே போடப் போகிறார். அங்கே 32 போட வேண்டும். ஒரே வாக்கியத்திலிருந்து பத்து மடங்கு அதிகமும் வந்தது, முக்கால் பங்குக்கும் குறைவும் வந்தது.

இரண்டாவது பதிவு விதைக்கிழங்கு விற்பனை. நீலகிரி உருளை வயல்களில் தங்க நூற்புழு 1961-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு இடம் பெயரும். விதைக்கிழங்கை மலையிலிருந்து வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருப்பது அதனால்தான். அந்தப் பதிவுக்கு வெளி மாவட்டத்திலிருந்து ஒருவர் விலை கேட்டிருந்தார். விற்கிறவர், கேட்கிறவர் இருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்தும் இப்படி ஒரு பேரம் நம் தளத்தின் வழியாக முடிந்தால், ஒரு புது மண்ணுக்கு நூற்புழுவை நாமே அனுப்பி வைத்ததாகும்.

இந்த இரண்டையும் எழுதியவர்கள் புதியவர்கள் அல்லர். இருவருமே மாதக் கணக்கில் நல்ல பதில்கள் எழுதி வந்தவர்கள். முதல் ஏற்பாட்டின் பூட்டு இருந்திருந்தாலும் இவை தடையில்லாமல் வெளியாகியிருக்கும். ஆளைப் பார்த்துப் பூட்டுவதை விட்டுவிட்டுப் பொருளைப் பார்த்துப் பூட்ட வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவானது.

மூன்றாம் ஏற்பாடு: பகுதிவாரியாக

பகுதிகளை நான்காகப் பிரித்தோம். கேள்வி–பதில், விலை நிலவரம், மருந்து–உரம், விதை–நாற்று. முதல் இரண்டும் திறந்தே கிடக்கும். மருந்து–உரத்தில் புதுப் பதிவு, மறுமொழி இரண்டுக்கும் அனுமதி வேண்டும். விதை–நாற்றில் புதுப் பதிவுக்கு மட்டும். ஒவ்வொரு பகுதியின் அமைப்புப் பக்கத்திலும் மட்டுறுத்தல் என்ற பிரிவில் இரண்டு தனித்தனிக் குறிகளாக இவை இருக்கும்.

அனுமதிப்பதை அட்மின் தலையில் கட்டக் கூடாது. சர்வர் தெரிந்தவருக்கு மருந்து தெரியாது. பகுதிக் குழுவுக்கு மட்டுறுத்தும் உரிமை தரும் அமைப்பு ஒன்று உண்டு, இயல்பில் அணைந்திருக்கும். அதை இயக்கி, மருந்து அடித்து அனுபவமுள்ள நாலைந்து பேரை ஒரு குழுவாக்கி, மருந்து–உரம் பகுதிக்கு அந்தக் குழுவைப் பொறுப்பாக்கினோம். அவர்களுக்கு அந்தப் பகுதியின் வரிசை மட்டும் தெரியும். மற்றப் பகுதி எதையும் தொட முடியாது. இதில் நேரம் காப்பது 'திருத்தச் சொல்லி நிராகரி' என்ற பொத்தான். காரணத்தோடு எழுதியவருக்குத் தனிச்செய்தி போகும். நாங்கள் வைத்திருக்கும் வாசகம் இது:

"அண்ணா, பதிவு நல்லா இருக்குங்க. அளவை லிட்டருக்கு எவ்வளவுன்னு மாத்திப் போடுங்க. டேங்க் 10 லிட்டரா 16 லிட்டராங்கறதையும் சேர்த்துடுங்க. உடனே விட்டுடறோம்."

'உங்கள் பதிவு விதிமுறைக்கு உட்பட்டு நிராகரிக்கப்பட்டது' என்று முதலில் போட்டிருந்தோம். அதைப் பார்த்தவர்கள் திரும்ப எழுதவில்லை. மேலே உள்ளதுபோல் மாற்றியதும் பெரும்பாலோர் பத்து நிமிடத்தில் திருத்தி அனுப்பினார்கள். பதிவு பார்வைக்குப் போயிருக்கிறது என்று தளம் தானாகச் சொல்லும் வாசகத்தையும் இதே தொனியில் தமிழாக்குங்கள். நிர்வாகப் பக்கத்தில் தள வாசகங்கள் பகுதியில் தேடி மாற்றலாம்.

ஓட்டை ஒன்று இருந்தது. அளவு எப்போதும் மருந்துப் பகுதியில்தான் வரும் என்று யார் சொன்னது? கேள்வி–பதிலில் ஒருவர் கேட்பார், கீழே ஒருவர் அளவோடு பதில் போடுவார். இதற்குக் 'கவனிப்புச் சொற்கள்' வசதி இருக்கிறது. பட்டியலிலுள்ள சொல் வந்தால் பதிவு எந்தப் பகுதியில் இருந்தாலும் அனுமதி வரிசைக்குப் போகும்படி வைக்கலாம். வேலை அதிகம் பிடித்தது இங்கேதான். தமிழில் சொல் தனியாக நிற்காது. வேற்றுமை உருபும், 'உம்'மும், பேச்சு வழக்கும் ஒட்டிக்கொண்டே வரும்.

'கிராம்' என்று மட்டும் போட்டால் 'கிராமுக்கு', 'கிராமும்' தப்பிவிடும். அதனால் உடுக்குறி சேர்த்து 'கிராம*' என்று போட்டோம். உடுக்குறி இருக்கும் இடத்தில் எந்த எழுத்தும் வரலாம் என்று பொருள். அன்று மாலைக்குள் வரிசை நிரம்பிவிட்டது. கிராமம், கிராமத்தில், கிராம சபை எல்லாம் உள்ளே கிடந்தன. கணினிக்கு 'ம்' என்பது ம என்ற எழுத்தும் புள்ளியும் என இரண்டு குறிகள். 'கிராம்' என்பதில் ம-வுக்குப் பின் புள்ளி, 'கிராமம்' என்பதில் ம-வுக்குப் பின் இன்னொரு ம. ஆகவே புள்ளியோடு 'கிராம்*' ஒன்று, உகரத்தோடு 'கிராமு*' ஒன்று என்று இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். கிராமம் இரண்டிலும் சிக்காது.

அப்புறம் '20கிராம்' என்று எண்ணை ஒட்டி எழுதுகிறவர்கள். எண் ஒட்டியிருந்தால் சொல்லின் தொடக்கத்தை மென்பொருள் அடையாளம் காணாது. அதற்காக முன்னாலும் உடுக்குறி போட்டு '*கிராம்*' ஆக்கினோம். இப்போது டெலிகிராமும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து மாட்டுகின்றன. அது இருக்கட்டும் என்று விட்டோம். 'டெலிகிராம் குழுவில் சேருங்கள்' என்று வருகிற பதிவுகளை எப்படியும் ஒரு கண் பார்த்துவிடுவது நல்லது.

விற்பனைக்கு வைத்த சொற்கள் இன்னும் பாடம். 'விற்*' என்பது விற்பனை, விற்கிறேன், விற்க, விற்றேன் எல்லாவற்றையும் பிடிக்கும். ஆனால் பேச்சு வழக்கில் எழுதுகிறவர் 'விக்கிறேன்', 'வித்துட்டேன்' என்பார். 'வித்த*' என்று போட்டதும் 'வித்தியாசம்' எல்லாம் வரிசைக்கு வந்தது. அது எவ்வளவு அதிகம் புழங்கும் சொல் என்று அப்போதுதான் தெரிந்தது. 'வித்துட்*', 'வித்தாச்*', 'விக்கிற*' என்று நீளமாகப் போட்டால் சரியாகிறது. 'விதை*' வேண்டவே வேண்டாம். விதைத்தேன், விதைக்கணும் என்று பாதித் தளம் உள்ளே போய்விடும். 'விதைக்கிழங்*' போதும். ஒவ்வொரு சொல்லையும் சேர்க்கும் முன், அதே பக்கத்திலுள்ள சோதனைப் பெட்டியில் பழைய பதிவுகள் பத்துப் பதினைந்தை ஒட்டிப் பாருங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் நேராகச் சேர்த்ததால்தான் கிராம சபை மாட்டியது.

நிலை உயர்வு

டிஸ்கோர்ஸில் உறுப்பினர் நிலை 0 முதல் 4 வரை. முதல் நிலைக்கு 5 தலைப்புகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, மொத்தம் 10 நிமிடம் செலவிட்டால் போதும். இரண்டாம் நிலைக்கு 15 நாள் வருகை, 20 தலைப்பு, 100 பதிவு, 60 நிமிட வாசிப்பு, மூன்று வெவ்வேறு தலைப்புகளில் மறுமொழி, ஒரு விருப்பம் (லைக்) தந்திருக்க வேண்டும், ஒன்று பெற்றிருக்க வேண்டும். மூன்றாம் நிலை கடைசி 100 நாளை வைத்து ஓடும் கணக்கு. பாதி நாள் வந்திருக்க வேண்டும், 10 தலைப்புகளில் மறுமொழி எழுதியிருக்க வேண்டும், 30 விருப்பம் தந்து 20 பெற்றிருக்க வேண்டும். கணக்கு குறைந்தால் நிலை இறங்கியும் விடும். நான்காம் நிலையைக் கையால் மட்டுமே தர முடியும்.

உள்நுழையாமல், பகிர்ந்த இணைப்பு வழியாகப் படிப்பது இதில் சேராது. மின்னஞ்சலில் படிப்பதும் சேராது. எங்கள் பக்கத்தில் அனுபவசாலிகள் பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். முப்பது வருடம் தேயிலை பார்த்தவர், கொப்புள நோய்க்கு அவர் எழுதும் நான்கு வரியை ஊரே சேமித்து வைக்கும், ஆனால் அவர் 0 நிலையில் நின்றார். சும்மா திறந்து உருட்டிக்கொண்டிருந்தவர் இரண்டாம் நிலைக்குப் போய்விட்டார். வாசிப்பு நேரம் பழக்கத்தை அளக்கும். வயலறிவை அளக்காது.

இரண்டாம் நிலைக்கான வருகையை 15-லிருந்து 8 ஆக்கினோம். மூன்றாம் நிலைக்கான வருகை நாள் எண்ணிக்கையை 50-லிருந்து 25 ஆக்கினோம். கேரட் அறுவடையும் கொழுந்து அதிகம் வரும் மாதங்களும் வந்தால் யாரும் நாளுக்கு நாள் உள்ளே வரமாட்டார்கள். அதற்காக அவர்கள் நிலை இறங்குவது நியாயம் இல்லை. அனுபவசாலிகளைக் கையால் மூன்றாம் நிலைக்கு உயர்த்தி, அவரவர் நிர்வாகப் பக்கத்தில் நிலையைப் பூட்டினோம். பூட்டு முக்கியம். பூட்டாவிட்டால் சலுகைக் காலம் இரண்டு வாரம் முடிந்ததும் மென்பொருள் கணக்குப் பார்த்து இறக்கிவிடும். முதலில் பூட்டாமல் விட்டதில் மூவரை இரண்டு முறை உயர்த்த வேண்டியிருந்தது.

விருப்ப எண்ணிக்கையை மட்டும் குறைக்கவில்லை. பதிவுக்குக் குறைந்தது 20 குறிகள் வேண்டும் என்ற இயல்பு அமைப்பையும் தொடவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. 'நன்றி அண்ணா' என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து, கணினிக் கணக்கில் இடைவெளியோடு 11 குறி. அதைப் பதிவாகப் போட முடியாது. போட முடியாதவர் இதயக் குறியை அழுத்துகிறார், பதில் சொன்னவருக்கு அது நிலை உயர்வில் சேர்கிறது. நன்றிப் பதிவுகளால் தலைப்பு நிரம்புவதும் நிற்கிறது.

தவறான முடிவு ஒன்று, நான்காம் நிலையை அள்ளிக் கொடுத்தது. அந்த நிலையில் இருப்பவர் யாருடைய பதிவையும் திருத்தலாம், தலைப்பைப் பிரிக்கலாம், மூடலாம். நல்லெண்ணத்தோடு ஒருவர் இன்னொருவரின் உர அளவைத் தன் அனுபவப்படி திருத்திவிட்டார். எழுதியவர் மனம் நொந்து போனார். பதிவின் மூலையிலுள்ள பென்சில் குறியை அழுத்தினால் பழைய வடிவம் கிடைக்கும், மீட்டுவிட்டோம். அன்றே நான்காம் நிலையை எல்லோரிடமிருந்தும் பேசி வாங்கிக்கொண்டோம். பகுதிக் குழுவில் சேர்த்தால் அனுமதிக்கும் உரிமை கிடைக்கிறது. அதற்கு மேல் இந்த அளவுத் தளத்தில் தேவைப்படவில்லை.

மறுபடி தொடங்கினால் பகுதிப் பிரிப்பு, பகுதிக் குழு, கூகுள் உள்நுழைவு, தட்டச்சு நேரத்தை அணைப்பது இந்த நான்கையும் ஆள் சேர்க்கும் முன்பே முடிப்போம். கவனிப்புச் சொற்களை மூன்றோடு தொடங்கி, வாரம் ஒன்றாகக் கூட்டுவோம்.

அடைக்காத ஓட்டை படம். மருந்து டப்பாவின் மேல் பேனாவால் அளவை எழுதிப் படம் எடுத்துப் போட்டால் எந்தச் சொல்வடிகட்டியும் அதைப் படிக்காது. படமுள்ள பதிவு எல்லாவற்றையும் வரிசைக்கு அனுப்பும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் கருகல் இலைப் படங்கள் மறுபடி மதியம் வரை காத்துக் கிடக்கும். அதனால் அணைத்தே வைத்திருக்கிறோம். டப்பாப் படம் கண்ணில் பட்டால் உடனே கொடி (புகார்க் குறி) போடும்படி மூன்றாம் நிலைக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். கொடி விழுந்ததும் மருந்துக் குழுவில் ஒருவர் தலைப்பைத் திறந்து, லிட்டர் கணக்கை எழுத்தில் கீழே போட்டுவிடுகிறார்.